மாடிப்படி வாக்குமூலம்

போன் வந்தபோது மணி மூன்றரை. பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பின்சீட்டில் சிந்தியிருந்த பிஸ்கட் தூளைத் துணியால் தட்டிக்கொண்டிருந்தார் வேன்காரர். பேசியவர் மகள் படிக்கும் கல்லூரியின் விளையாட்டுத் துறை குமாஸ்தா.

"உங்க பொண்ணையும் இன்னும் ரெண்டு பொண்ணுங்களையும் போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பணமோசடி கேஸ்னு சொல்றாங்க. உடனே வாங்க."

அவரால் உடனே போக முடியவில்லை. மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். பதினான்கு பேரையும் ஏற்றி, பதினான்கு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் வண்டியைத் திருப்பினார். வழியில் ஒரு வாண்டு, "மாமா, இன்னிக்கு ஏன் பாட்டு போடலை?" என்று கேட்டது. "ரேடியோ ரிப்பேர் கண்ணு" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

மகளுக்கு இருபது வயது. குண்டு எறிகிறவள். கல்லூரியில் அவளுக்குப் பெயரே குண்டுதான். எறிவதாலா, இருப்பதாலா என்று யாராவது சீண்டினால், "ரெண்டுக்கும்தான். இப்ப உன்மேல எறியட்டுமா, உட்காரட்டுமா?" என்பாள். வேன் சேற்றில் மாட்டினால் ஜாக்கியைத் தேட வேண்டாம், மகளைக் கூப்பிட்டால் போதும் என்று அவர் கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவள் ஸ்டேஷன் பெஞ்சின் ஓரத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு, அடைத்திருக்கும் இடத்தைக் கொஞ்சமாவது குறைத்துக்கொள்ளப் பார்ப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஈட்டி எறிகிறவள், மறுபக்கம் வட்டு எறிகிறவள். மூவரும் பள்ளிக்காலத்திலிருந்தே ஒரே மைதானத்தில் வெயில் காய்ந்தவர்கள்.

விஷயம் இதுதான். மைதானத்துக்கு ஒருவன் வந்து போய்க்கொண்டிருந்தான். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உதவும் கம்பெனி என்றான். பெண்கள் அவனை ஸ்பான்சர் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடுத்தால் போதும், கம்பெனிப் பணம் வரும், போகும், மாதாமாதம் ஒரு தொகை கையில் கிடைக்கும் என்று முதலில் ஈட்டிக்காரியிடம் பேசினான். அவள் மற்ற இருவரிடமும் சொன்னாள். மூவரும் கொடுத்தார்கள். வந்து போனது கம்பெனிப் பணம் இல்லை. போனில் பேசி ஊராரை ஏமாற்றிச் சுருட்டிய பணம். விஷயம் வெடித்ததும் ஸ்பான்சர் அண்ணன் கம்பி நீட்டிவிட்டான். கணக்கில் பெயர் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் ஜாமீன் கிடைத்தது. கல்லூரி மூவரையும் அணியிலிருந்து நீக்கியது. பேப்பரில் போட்டோ வந்தது. அடுத்த வாரம் வேனில் பதினான்கு பிள்ளைகள் ஒன்பது பிள்ளைகள் ஆனார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. காலியான சீட்டுகளைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அன்றிலிருந்து மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் காலையில் ஆறு முட்டை அவிப்பதும் நிற்கவில்லை. பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கென்று ஏற்பட்ட வழக்கம் அது. பயிற்சியே இல்லை என்றான பிறகும் ஆறையும் உரித்து, உப்பும் மிளகும் தூவி, மகள் முன்னால் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் மகள், "ரெண்டு போதும்மா" என்றாள்.  மறுநாளும் ஆறுதான்.

கேஸை எடுத்துக்கொண்டவள் ஓர் இளம் வக்கீல். கறாரான பேச்சு. "நீ ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லணும். எனக்கு எதுவும் தெரியாது, ஃப்ரெண்டு கேட்டா, நம்பிக் கொடுத்தேன். அதுக்கு மேல வாயைத் திறக்காதே. அந்த ஈட்டிப் பொண்ணு பாடு, அவ வக்கீல் பாடு."

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேன்காரர் அந்த வாக்கியத்தை மகளுக்கு உருப்போட வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு பாப்பா."

"எனக்கு எதுவும் தெரியாது. ஃப்ரெண்டு கேட்டா, நம்பிக் கொடுத்தேன்."

"கோர்ட்டுல இப்படித் தலையைக் குனிஞ்சா சொல்லுவே? நிமிர்ந்து சொல்லு."

"அவ பாவம்பா."

"அப்ப நீ? நீ பாவமில்லையா?"

மகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் மறுபடி சொன்னாள். கேட்கக் கேட்க அவருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. என்றாலும் விடவில்லை. பெற்ற பெண் ஜெயிலுக்குப் போவதை நினைத்தால் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

இரண்டாவது வாய்தா அன்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோர்ட் ஹால் மூன்றாவது மாடியில். லிஃப்டின் கதவில் "பழுது" என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. படிக்கட்டில் இரண்டாவது படியிலேயே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் ஊன்றுகோல், மடியில் ஃபைல், இரண்டு முழங்காலிலும் துணிப்பட்டை. அந்த இரண்டு படிக்கே முகம் வியர்த்திருந்தது. ஏறுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.

போன வாய்தாவில் தூரத்தில் காட்டியிருந்தார்கள்: புகார் கொடுத்தவர் இவர்தான். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊராரின் குரல்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கடைசியில் ஒரு குரல் அவரையே ஏமாற்றிவிட்டது. உங்கள் பென்ஷன் கணக்கு முடங்கிவிட்டது என்று பதறவைத்து, அவர் வாயாலேயே எண்களைச் சொல்லவைத்து, மொத்தத்தையும் வழித்தெடுத்துவிட்டது. இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சேர்த்த பணம். அது மகளின் கணக்குக்கு வந்து இருபதே நிமிடத்தில் கைமாறிப் போயிருந்தது.

"பார்க்காம வா பாப்பா" என்று கிசுகிசுத்தார் வேன்காரர். தாண்டிப் போய்விட்டார்கள். முதல் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தால் மகள் இல்லை. கீழே அந்த அம்மாள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் தூக்கிட்டுப் போகட்டுமா?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாருன்னு எனக்குத் தெரியும்."

"உங்களையும் எனக்குத் தெரியும்மா."

"என் பணத்தைத் தூக்கினது பத்தலைன்னு என்னையும் தூக்கப் போறியா?"

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். மகள் நகரவில்லை. அந்த அம்மாள் படிகளை அண்ணாந்து பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் கேஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆள் இல்லையென்றால் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகும்.

"எத்தனை கிலோ தூக்குவே?"

"ஜிம்ல நூத்தி இருபது தூக்கியிருக்கேன்."

"நான் எழுபத்திரெண்டு. கீழ போட்டேன்னு வை, அதுக்குத் தனியா ஒரு கேஸ் போடுவேன்."

மகள் குனிந்து, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் கொடுத்து, குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தாள். ஊன்றுகோலையும் ஃபைலையும் வாங்கிக்கொண்டு வேன்காரர் பின்னாலேயே ஏறினார். வேறென்ன செய்ய?

"முழங்காலை அமுக்காதே. ஆங், அப்படி."

முதல் மாடி வரை அவ்வளவுதான் பேச்சு. இரண்டாவது மாடிக்குப் பாதி ஏறியபோது அந்த அம்மாள் மெல்லக் கேட்டார். "தெரிஞ்சுதான் செஞ்சியா?"

 சொல்லு பாப்பா, அந்த வாக்கியத்தைச் சொல்லு என்று வேன்காரர் மனசுக்குள் கெஞ்சினார். மகள் நின்றாள்.

"பாதி தெரியும்."

"பாதின்னா?"

"முதல் மாசம் ஒண்ணும் தெரியாது. ரெண்டாம் மாசம் பாஸ்புக்கைப் பார்த்தேன். இவ்வளவு பணம் யாரோடதுன்னு தோணுச்சு. கேட்டா நிறுத்திடுவாங்களோன்னு கேக்கலை. என் ஃப்ரெண்டு, அந்த ஈட்டி எறியறவ, வேணாம் விட்டுடலாம்னு சொன்னா. நான்தான் போட்டி முடியற வரைக்கும் செலவுக்கு இருக்கட்டும்னேன். உங்க பணம் வந்தது அதுக்கு அப்புறம்தாம்மா."

ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார் வேன்காரர். யார் மீது பழியைப் போடச் சொல்லி மகளை உருப்போட வைத்தாரோ, அந்தப் பெண்தான் வேண்டாம் என்று சொன்னவளாம்.

 மகளின் சட்டைக் காலரைப் பிடித்திருந்த கையை அந்த அம்மாள் எடுக்கவில்லை.

"உனக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் இறக்கி வையேன்."

"எடையால இல்லம்மா."

அழுகை முகமெல்லாம் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. அந்த அம்மாள் தன் கைக்குட்டையை எடுத்து, பாத்திரம் துடைப்பதுபோல் அவள் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். "கண்ணு தெரியாம படியைத் தவறவிட்டுடாதே. பார்த்து ஏறு."

மேலே வராந்தாவில் நின்ற வக்கீலுக்குப் பார்த்த மாத்திரத்தில் முகம் வெளிறியது. மகளைத் தனியே இழுத்தாள். "புகார் கொடுத்தவங்ககிட்ட நீ பேசவே கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? இதுல தூக்கிட்டு வேற வர்றே!"

"மேடம், நான் உள்ளதைச் சொல்லப்போறேன்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? சார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

வேன்காரர் மகளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் பல நாளைக்குப் பிறகு தோள் குறுகாமல், பழையபடி அகலமாக நின்றாள்.

"அவ சொல்றபடியே சொல்லட்டும் மேடம்" என்றார்.

வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் நின்றபோது அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"வேனுக்கு ரெண்டு டயர் வாங்கிக் கொடுத்தியே, பரிசுப் பணம்னு. அந்த மாசம் போட்டியே இல்லைன்னு எனக்குத் தெரியும். உன் போட்டித் தேதியெல்லாம் காலண்டர்ல குறிச்சு வைக்கிறவன் நான். தெரிஞ்சும் கேக்கலை. பழைய டயர் வழுக்கையாப் போயிருந்துச்சு, புதுசு வந்தா சரின்னு இருந்துட்டேன். நானும் பாதி தெரிஞ்சவன்தான் பாப்பா."

மகள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.  "டயர் எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் ஓடித் தொலையுது. அதான் வயித்தெரிச்சல்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் சிக்னல் மாறி, பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "மூணு மாடியுமா தூக்கிட்டு ஏறினா?"

"மூணு மாடியும்."

அடுப்பை அணைத்துவிட்டு, தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். "திரும்பு. முதுகைக் காட்டு. எங்க சுளுக்கியிருக்குன்னு பார்க்கறேன்." இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. சுளுக்கு எங்கும் இல்லை. ஆனாலும் அரைமணி நேரம் தேய்த்தாள்.

கேஸ் எட்டு மாதம் நடந்தது. மகள் கோர்ட்டில் உள்ளதைச் சொன்னதைப் பார்த்து ஈட்டிக்காரியும், பிறகு வட்டுக்காரியும் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். வேண்டாம் என்றும் கேட்காமல் மாட்டிவிட்டாளே என்ற கோபத்தில் ஈட்டிக்காரி முதலில் மகளோடு பேச மறுத்தாள்; ஒருநாள் தானாகவே வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் தட்டிலிருந்த முட்டையில் மூன்றைத் தின்றுவிட்டுப் போனாள். மூவர் கொடுத்த அடையாளத்தில் ஸ்பான்சர் அண்ணனும் பிடிபட்டான். பெண்கள் குற்றவாளிகள்தான் என்றார் நீதிபதி. ஆனால் சிறை வேண்டாம். இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, ஏமாந்தவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். விளையாட்டுச் சங்கம் மூன்று வருஷம் தடை போட்டது. தீர்ப்பைக் கேட்டு அழாதவள், சங்கத்தின் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேன்காரர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அவள் வருகிறவரை எழுந்திருக்கவில்லை.

மரச்சாமான் கிடங்கு ஒன்றில் மகளுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் முதல் தவணை போனது. அன்றைக்கே தொலைபேசி அம்மாவிடமிருந்து போன். "பணம் வந்துச்சு" என்றார், வைத்துவிட்டார். இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம், "வந்துச்சு. சாப்பிட்டியா?" என்று கேட்டார். பணம் கைமாறிப் போன கணக்கில் வங்கி முடக்கி வைத்திருந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்க, ஐந்தாம் மாதம் ஒரு முழங்காலுக்கு ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு பேச்சு நீண்டது. கிடங்கில் எந்த பீரோ எத்தனை கிலோ, எந்த மேனேஜர் எப்படி வழிகிறான் என்பதுவரை அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. "மன்னிச்சுட்டேன்னு எல்லாம் நினைச்சுக்காதே, வீட்டுல பேச ஆள் இல்லை, அதான்" என்று ஒருமுறை சொன்னாராம். மகள் அதை அப்பாவிடம் சிரிக்காமல் சொன்னாள்.

பதினோராம் மாதம், தவணைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போதே போன் வந்தது. வேன்காரர் பக்கத்தில்தான் இருந்தார்.

"பணம் ஒண்ணாம் தேதிதானேம்மா அனுப்பணும்?" என்றாள் மகள், பதற்றமாக.

"பணத்துக்கா கூப்பிட்டேன்? வியாழக்கிழமை இன்னொரு முழங்காலுக்கு ஆபரேஷன். கூட இருக்க ஒரு ஆள் வேணும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. போன தடவை பக்கத்து வீட்டுக்காரி வந்தா, இப்ப அவ ஊர்ல இல்லை. யாரைக் கேக்கறதுன்னு தெரியலை."

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள் மகள்.

ஒன்பது மணி என்றது போன். எட்டே காலுக்குள் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மகளை ஏற்றிக்கொண்டு சரியாக அங்கே போய்விடலாம் என்று வேன்காரர் கணக்குப் போட்டுக்கொண்டார்.