வலது காலை மிதித்தால்

வலது காலை மிதித்தேன். திரையில் இருந்த பச்சைப் புள்ளி வலது பக்கம் ஓடியது.

என் கணக்குப்படி அது இடது பக்கம் போயிருக்க வேண்டும். மறுபடி மிதித்தேன், மறுபடியும் வலது. இடது காலை மிதித்தேன், புள்ளி இடது பக்கம் போய்த் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிக் கையைத் தூக்கினேன்.

"சார், இந்த மிஷின் தலைகீழா வேலை செய்யுது."

தேர்வு நடத்திய அதிகாரி வந்து குனிந்து, தன் காலாலேயே மிதித்துப் பார்த்தார். "சரியாத்தானேம்மா இருக்கு. வலது காலை மிதிச்சா வலது பக்கம் போகுது. விமானம் அப்படித்தான் திரும்பும்."

"எல்லா விமானமுமா சார்?"

"எல்லா விமானமும்தான்."

பக்கத்து மிஷின்களில் உட்கார்ந்திருந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த அறைக்குள் நுழையும்போதே எங்களிடம் ஒன்றைச் சொல்லித்தான் உட்கார வைத்திருந்தார்கள். விமானிக்கான இந்தத் தேர்வை ஒருவர் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தோற்றால் தோற்றதுதான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு மிஷின் இருக்கிறது. அப்பா செய்தது.

அப்பாவுக்கு சைக்கிள் ரிப்பேர் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. விமானப்படையில் அதிகாரி ஆக வேண்டும், அதுவும் ஓட்டுகிற சீட்டில்தான் உட்கார வேண்டும் என்ற பைத்தியம் எனக்குப் பிடித்தது பள்ளிக்கூடத்தில். ஆனால் என்னைவிட அப்பாவுக்குத்தான் அது முற்றிவிட்டது. என் பெயரே வீட்டில் மறந்துபோய், 'பைலட்டு' என்றுதான் கூப்பிடுவார். பஞ்சர் ஒட்டக் காத்திருக்கிற ஆட்களைச் சும்மா விடமாட்டார். "ஏதாவது ஒரு விஷயம் பேசுங்க, பைலட்டு எதிர்த்துப் பேசுவா. தேர்வுல குழு விவாதம் உண்டு, அதுக்குப் பழகணும்ல" என்று எங்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார். அந்தச் சண்டைகளில் இரண்டு நல்ல வாடிக்கையாளர்களை இழந்தோம். உங்களைப் பற்றி உங்கள் அம்மா என்ன நினைக்கிறார் என்று தேர்வில் எழுதச் சொல்வார்களாம், என்ன எழுதட்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். "வாய் காது வரைக்கும் இருக்கு, வேலை செய்யக் கை மட்டும் இல்லன்னு எழுது" என்றாள் அம்மா.

ஒரு நாள் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு படத்தை அப்பாவிடம் காட்டினேன். விமானியின் காலடியில் இரண்டு மிதிகட்டைகள். ஒன்று முன்னால் போனால் மற்றது பின்னால் வரும், இவற்றால் விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பலாம் என்று கீழே எழுதியிருந்தது. எந்தக் காலுக்கு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. அப்பா படத்தைப் பார்த்தார், தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, இது நம்ம ஹேண்டில்பாருடி! ஒரு முனை முன்னால போனா மறுமுனை பின்னால வரும். கையில பிடிக்கிறதைக் காலால பிடிக்கப் போற, அவ்வளவுதானே!"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. நடக்கப் பழகிய கையோடு சைக்கிள் ஓட்டப் பழகியவள் நான். ஹேண்டில்பாரின் வலது முனையை முன்னால் தள்ளினால் வண்டி இடது பக்கம் திரும்பும். இதைப் போய் யார் யோசிப்பார்கள்?

அப்பா ஒரு பழைய ஹேண்டில்பாரை நாற்காலிக்குக் கீழே, கால் எட்டுகிற இடத்தில் பொருத்தினார். நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டு, அதன் தலையில் சுழலுகிற மாதிரி ஒரு டார்ச் லைட். ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளிலிருந்தும் பிரேக் ஒயரை இழுத்து, டார்ச்சின் இரண்டு பக்கங்களிலும் நட்டுப் போட்டு முடுக்கினார். காலால் தள்ளினால் எதிர்ச்சுவரில் வெளிச்சம் ஓடும். அம்மா ஒட்டடைக் குச்சியின் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு சுவரில் அப்படியும் இப்படியும் ஆட்டுவாள். வெளிச்சம் துணியை விட்டு விலகக் கூடாது. முதலில் அம்மா என்னைத் திணறடித்தாள். போகப் போக நான் அம்மாவைத் திணறடித்தேன். "போதும்டி, தோள்பட்டை கழண்டுடும் போல இருக்கு" என்று அவள் குச்சியைப் போட்டுவிட்டுப் போவாள். உடனே தங்கச்சி அதை எடுத்துக்கொள்வாள். மாதக்கணக்கில் இதே வேலை. கடைசியில் நான் யோசிக்கவே வேண்டியதில்லை, துணி வலது பக்கம் நகர்ந்தால் என் இடது கால் தானாகப் போய்விடும்.

அந்தக் கால்களோடுதான் தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தேன்.

பழகிப் பார்க்கக் கொடுத்த நேரம் முடிந்தது. மணி அடித்தது, முதல் சுற்று தொடங்கியது. திரையில் ஒரு சதுரம் நகரும், புள்ளியை அதற்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கையில் இருந்த நெம்புகோல் மேலும் கீழும் நகர்த்த, கால்கள் இடமும் வலமும் நகர்த்த. கை கால் ஓடவில்லை என்று சொல்வார்களே, எனக்குக் கை நன்றாகவே ஓடியது, கால்தான் எதிர்ப்பக்கம் ஓடியது. மாத்து, மாத்து என்று எனக்குள்ளேயே கத்தினேன். மூளை கேட்டது, கால் கேட்கவில்லை. சதுரம் ஒரு மூலையில், புள்ளி எதிர் மூலையில். என் கண்ணெதிரே என் ஆயுள் வாய்ப்பு நாசமாகப் போய்க்கொண்டிருந்தது, அதை நாசமாக்குவதும் என் கால்களேதான். அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்னால் பட்டதில்லை.

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்ததும் கால்களைத் தூக்கிக் குறுக்கே போட்டேன். இடது கால் வலது கட்டையில், வலது கால் இடது கட்டையில்.

அடடா! புள்ளி சதுரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சதுரம் எங்கே போனாலும் கூடவே போனது. பக்கத்தில் சிரித்தவர்களின் புள்ளிகள் தள்ளாடிக்கொண்டிருக்க, என்னுடையது அசையாமல் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, வாயில் சிரிப்பு வந்தது.

திரை அணைந்தது. அதிகாரி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பேயைப் பார்த்தவர் போல இருந்தது.

"என்னம்மா பண்ற? இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கூத்தை நான் பாத்ததே இல்ல. காலைப் பின்னிக்கிட்டா விமானம் ஓட்டுவ? ரெண்டு காலுக்கும் நடுவுல ஓட்டுற ஸ்டிக்கு இருக்கும், தெரியுமா?"

"எனக்கு இப்படித்தான் சார் வருது."

"அந்தந்தக் காலை அந்தந்தக் கட்டையில வை. இந்தச் சுற்று கணக்குல வராது."

வைத்தேன். மிச்சச் சுற்றுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லவும் பிடிக்கவில்லை.

முடிவைச் சொல்வதற்கு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உன் கை அருமையா இருக்கு. கண்ணும் அப்படித்தான். யாரோ உன் காலுக்கு மட்டும் தலைகீழா பாடம் எடுத்திருக்காங்க, அதுவும் ஒழுங்கா எடுத்திருக்காங்க. நீ பழகாமலே வந்திருந்தா பாஸ் பண்ணியிருப்ப."

பழகாமலே வந்திருந்தால். நான் அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் அப்பா "சபாஷ் பைலட்டு" என்று கத்துவது கேட்டது.

பின்சீட்டு இருக்கிறது என்றார். வழி கணித்துச் சொல்கிற அதிகாரியின் இடம் அது. அவரும் பறப்பவர்தான், ஓட்டமாட்டார். அதற்கு என்னை மேற்கொண்டு தேர்வில் வைத்துக்கொள்ளலாம், சம்மதமா என்று கேட்டார். தலையாட்டினேன். அழுதுகொண்டே ஊருக்கு பஸ் ஏற என் ரோஷம் விடவில்லை.

நேர்முகத் தேர்வில் அந்தக் கால் கதை எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த மூத்த அதிகாரி நேராக அங்கேதான் வந்தார். "வீட்டுல எதுலயோ பழகியிருக்கீங்க. அதை யார் பண்ணிக் கொடுத்தது?"

"நானேதான் சார் பண்ணேன்."

"தப்பு உங்களோடதா?"

"என்னோடதுதான் சார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்பா என்ன தொழில்?"

"சைக்கிள் ரிப்பேர் கடை சார்."

பேனாவை மூடி வைத்தார். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பின்சீட்டுக்குத் தேர்வானேன். போனில் "அப்பா, செலக்ட் ஆயிட்டேன்" என்றதுமே மனிதர் போனை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். நான் வந்து சேர்வதற்குள் பைலட் ஆகிவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். வாசலிலேயே வைத்து, பின்சீட்டுதான் என்றேன். முகம் ஒரு கணம் சுருங்கியது. அப்புறம், "முன்னால உக்காந்தா என்ன, பின்னால உக்காந்தா என்ன? பிளேன் ஒன்னுதானே!" என்றார். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நம்ம மிஷின் உதவிச்சா?"

"ரொம்ப உதவிச்சுப்பா."

மிஷின் தலைகீழ் என்பதை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். கடைசி வரை காப்பாற்றவும் செய்திருப்பேன்.

மறுநாள் காலையில் உள்ளறையிலிருந்து 'கிரீச் கிரீச்' என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் என் தங்கச்சி. அம்மா ஒட்டடைக் குச்சியை ஆட்டுகிறாள். துணி வலது பக்கம் போகிறது, தங்கச்சியின் இடது கால் முன்னால் போகிறது, வெளிச்சம் போய்த் துணியைப் பிடிக்கிறது. அப்பா கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் விண்ணப்பம் போட்டுட்டேன்க்கா. அப்பா என்னை முன்சீட்டுலதான் உக்கார வைப்பாராம்" என்றாள் தங்கச்சி.

"எறங்குடி!"

நான் கத்திய கத்தில் அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். கடையில் நின்றிருந்த ஆள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார். தங்கச்சி முறைத்தாள். "ஏன், உனக்குக் கிடைக்கலன்னா எனக்கும் கிடைக்கக் கூடாதா? பொறாமை!"

பொறாமை என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அவள் கால் இன்னும் அந்த ஹேண்டில்பார் மேல்தான் இருந்தது. எனக்கு அதுதான் தெரிந்தது.

"காலை எடு. அது தப்பு. விமானத்துல வலது காலை மிதிச்சா வலது பக்கம்தான் திரும்பும். இது எல்லாமே தலைகீழ்."

அப்பா என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். தங்கச்சியை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். கிரீஸ் படிந்த வலது பாதத்தால் தள்ளினார். சுவரில் வெளிச்சம் இடது பக்கம் போனது. மறுபடி தள்ளினார். மறுபடியும் இடது.

"எல்லா விமானமுமா?" என்றார்.

"எல்லா விமானமும்தான்ப்பா."

எழுந்து போய் ஸ்பேனரை எடுத்துவந்தார். டார்ச்சின் இரண்டு பக்கமும் இருந்த நட்டைக் கழற்றினார். இடது ஒயரை வலது பக்கத்திலும் வலது ஒயரை இடது பக்கத்திலும் குறுக்காக மாட்டி முடுக்கினார். குனிந்து கையாலேயே வலது முனையைத் தள்ளினார். வெளிச்சம் வலது பக்கம் போனது.

இவ்வளவுதான். இரண்டு நட்டு. அம்மா அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது.

"இப்ப பழகு" என்று தங்கச்சியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "உனக்கு இன்னொரு தடவை உண்டுல்ல?"

"இல்லப்பா. ஆயுசுக்கு ஒரே தடவைதான்."

"எங்கப்பன்தான் தப்பா பண்ணிக் கொடுத்தான்னு சொல்ல வேண்டியதுதானே? இன்னொரு வாய்ப்பு கொடுத்திருப்பாங்கல்ல?"

"கேட்டாங்க. நானே பண்ணேன்னு சொல்லிட்டேன்."

அப்பா சட்டென்று திரும்பினார். என்னை அடிக்கப் போகிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. என் தலையில் கை வைக்க வந்தார். கையில் கிரீஸ் இருந்ததைப் பார்த்துவிட்டு, வைக்காமலே கடைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் நிலைப்படியில் நின்றேன். காத்திருந்த ஆளின் சைக்கிளை அப்பா பிடித்திருந்தார். முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்த்தார். மறுபடி திருப்பினார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"பஞ்சர் மட்டும்தாங்க" என்றார் அந்த ஆள். "ஹேண்டில்பாரு நேராத்தான் இருக்கு."