பகலில் வெளியே போகாத கார்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ‘ஜீரோ சார்’ என்றுதான் சொல்வார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்ற கையோடு மொட்டைமாடியில் சோலார் தகடுகள் போட்டு, வாசலில் ஒரு மின்சாரக் காரையும் கொண்டுவந்து நிறுத்தினார். கரண்ட் பில் பூஜ்யம் என்று வந்த அன்று மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்காரர் முதல் பக்கத்து வீட்டு வாத்தியார் வரை ஒருவரையும் விடாமல் நிறுத்தி வைத்துச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, திட்டம் நல்ல திட்டம்தான். பெட்ரோலும் கரண்டுமாகச் சேர்ந்து மாதா மாதம் வருமானத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றிருந்த மனைவி, தனக்கு வந்த பணத்தில் பாதியை எடுத்து நீட்டினாள்.

“பெட்ரோல் விலையைப் பாத்துப் பாத்தே இத்தனை வருஷம் ஒரு இடத்துக்கும் போகாம கழிச்சாச்சு. இனிமே வெயில்ல வண்டி ஓடும். நெனச்சா கிளம்பலாம், என்னங்க?” என்றாள். அவரும் பலமாகத் தலையாட்டினார்.

ஆனால் வெயில் இருக்கும்போது கார் வீட்டில் நின்றால்தான் சும்மா சார்ஜ் ஏறும். வெளியே போய் ஏற்றினால் காசு. சரி, ராத்திரியாவது போகலாமே என்றால், அதற்கும் அவர் ஒரு பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார். இருட்டியதும் காரில் இருக்கும் கரண்ட் வீட்டுக்கு வரும்; அதில்தான் விளக்கு, மின்விசிறி, டிவி எல்லாம் ஓடும். பகல் முழுக்கக் கார் வெயிலைக் குடித்தது, ராத்திரி முழுக்க வீடு காரைக் குடித்தது. கணக்கு அத்தனை கச்சிதம். அந்தக் கார் எப்போது வெளியே போகும் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

காலையில் மனைவி தலைவாரி, கைப்பையும் கையுமாக வந்து நிற்பாள். “ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரலாமா?”

“இப்பவா? இப்பத்தானே வெயில் ஏறுது. வண்டி ரொம்பட்டும்.”

சாயங்காலம் கேட்டால், “இப்பப் போயிட்டா ராத்திரி வீட்டுக்கு என்ன பண்றது? காசு குடுத்துக் கரண்ட் வாங்கறதா?” மேகம் போட்ட நாளில் கேட்டால், “இன்னைக்கு ஏர்றதே கொஞ்சம், அதையும் ஓட்டித் தீக்கணுமா?”

முதலில் அவள் சிரித்தாள். “உங்க வண்டிக்கு லிஃப்ட்டே தேவலாம். அது மேலயும் கீழயுமாவது போகும்” என்று கிண்டல் செய்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். சிக்கனத்தின் அருமை மனைவிக்குப் புரிந்துவிட்டது என்று நம்ம ஆள் நினைத்துக்கொண்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், இதை அவர் வாத்தியாரிடம் பெருமையாகக்கூடச் சொன்னார்.

கோடை உச்சத்தில் மனைவியின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தனிக்கட்டை. வீடு ஒரு மணி நேரத் தூரம். “ஒரு மாசம் கூட இருந்துட்டு வந்துடறேன்” என்று மனைவி பெட்டி கட்டினாள். பெட்டியைத் தூக்கியவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. “உள்ள கல்லையா வச்சிருக்க?” என்று கேட்டார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். கார் அப்போது சார்ஜில் இருந்ததால், இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போனார்கள். என்னத்தைச் சொல்ல! மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து, வண்டியில் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்த்த மகாராசன் அவர்.

ஒரு மாதம் போனது. கோடையும் போனது. அக்கா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டதாகப் போனில் கேள்விப்பட்டார்.

“அப்ப நீ எப்ப வர?”

“பாக்கலாம்.”

“இங்க நேத்து வண்டி மதியத்துக்குள்ளயே ரொம்பிடுச்சு, தெரியுமா?”

“அப்படியா. சரி, வச்சிடட்டுமா?”

வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை என்று ஆகிவிட்டது. ஆள் குறைந்ததால் கரண்ட் மிஞ்சியது. கேட்கிறவர் இல்லாத வீட்டில் டிவி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. ஒரு குரலாவது கேட்கட்டும் என்று அவர்தான் போட்டுவைத்தார். இருட்டியதும் எல்லா அறையிலும் விளக்கேற்றினார். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஒரு குடும்பமே இருப்பதுபோலத் தெரியும். உள்ளே இருந்தவருக்கோ அறைக்கு அறை வெளிச்சமாக இருப்பதே தாங்கமுடியாமல் இருந்தது. ஒவ்வொரு அறையிலும் அவள் இல்லாதது நன்றாகத் தெரிந்தது. ஒருநாள் குழம்பைக் கிளறிக்கொண்டே “உப்பு பாரு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் போனில் இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். மனிதர் எத்தனை யூனிட் மிச்சம் என்றுதான் சொன்னார்.

“என்ன சார், கார் இன்னும் அடைகாக்குதா? குஞ்சு எப்ப பொரிக்கும்?” என்று வாத்தியார் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவர் தினமும் அந்த நேரத்தில் மதிலோரம் போய் நிற்க ஆரம்பித்தார்.

காற்று மாறி, காலையில் லேசாகக் குளிர் தட்டத் தொடங்கிய சமயம். அன்று மதியத்துக்கு வெகு முன்னாலேயே காரில் சார்ஜ் நிரம்பிவிட்டது. வெயிலோ கொளுத்திக்கொண்டிருந்தது. மிஞ்சிய கரண்டை மின்வாரியத்துக்கு அனுப்பினால் அவர்கள் கொடுப்பது பிச்சைக்காசு. அவருக்கு மனசு ஆறவில்லை. துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டார். அழுக்குத் துணி ஒரு கை அளவுதான் இருந்தது. திரைச்சீலைகளைக் கழற்றிப் போட்டார், அவை போன வாரம் துவைத்தவை. தலையணை உறைகளையும் போட்டார். இன்னும் என்ன போடலாம் என்று யோசித்தபோது மனைவியின் ஸ்வெட்டர்கள் ஞாபகத்துக்கு வந்தன. குளிர் வருகிறது, அவளும் எந்த நேரமும் வந்துவிடுவாள். அலசிக் காயவைத்து வைத்தால் சந்தோஷப்படுவாள். முகம் மலர்ந்து போய் அலமாரியைத் திறந்தார்.

மேல் தட்டு காலியாக இருந்தது.

கீழ்த் தட்டைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தார். ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் முழுக்கத் துழாவினார். பழுப்பு நிற ஸ்வெட்டர், பச்சை ஸ்வெட்டர், சால்வை, காலுறைகள், அவளுடைய கனத்த போர்வை, ஒன்றுமே இல்லை. பத்திரமாக எங்காவது எடுத்து வைத்திருப்பாள் என்று இன்னொரு முறை முதலிலிருந்து தேடினார். தேடிக்கொண்டிருக்கும்போதே, அன்று பஸ்ஸுக்குத் தூக்கிப்போன பெட்டியின் கனம் கைக்கு ஞாபகம் வந்தது.

மின்விசிறிக் காற்றே அனலாக வீசிய நாளில், ஒரு மாதத்துக்கென்று கிளம்பியவள், குளிருக்குப் போடுவதையெல்லாம் எடுத்துப் போயிருக்கிறாள். திரும்பி வருவதாக இல்லை என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். ஸ்டூலைவிட்டு இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. இத்தனை மாதம் அந்த அலமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே என்ற வெட்கம்தான் வந்தது. பக்கத்து அறையில் துவைத்த துணியை இயந்திரம் மறுபடி துவைத்துக்கொண்டிருந்தது.

உச்சி வெயிலில் சார்ஜ் கம்பியை உருவினார். கார் கேட்டைத் தாண்டியதும் வாத்தியார் வாயைப் பிளந்தார். “சார்! வெயில் அடிக்குது சார்!” இவர் கண்ணாடியை இறக்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொல்ல, இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காருக்குள்ளிருந்தே அவர் அதைப் பார்த்தார். கடைசியாக அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவரால் சொல்லமுடியவில்லை.

அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “டீ போடறேன்” என்று சொல்லிவிட்டு அக்கா மெல்ல எழுந்து உள்ளே போனாள்.

“உன் ஸ்வெட்டரெல்லாம் காணோம்” என்றார் அவர். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார். வந்தது இதுதான்.

“இப்பத்தான் பாத்தீங்களா?”

“ஆமா.”

அவள் கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள். அப்புறம் காரைப் பார்த்தாள், தலைக்கு மேலே வெயிலைப் பார்த்தாள். “என்னங்க, இந்த நேரத்துல எடுத்துட்டு வந்திருக்கீங்க?”

“வா, கொஞ்ச தூரம் போயிட்டு வரலாம்.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் சீட்டில் இருந்தது, உட்கார்ந்ததும் நொறுநொறுத்தது. கடைத்தெரு வழியாகப் போய், பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும் மரம் நின்ற ஒரு சாலையில் மெதுவாக ஓட்டினார். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வீட்டுல தனியா இருக்க முடியலம்மா” என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. “பேச ஆளில்ல. பைத்தியம் பிடிக்குது.”

அவள் கண்ணாடியை ஏற்றினாள். திரும்பி அவரைப் பார்த்தபோது அவள் கண்ணும் நனைந்திருந்தது.

“அந்த வீட்டுல தனியா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதாங்க?” என்றாள்.

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். அவள்தான், “டீ ஆறிடும், அக்கா காத்துட்டிருப்பா” என்றாள். அவர் வண்டியைத் திருப்பினார். கட்டிய மனைவியை இன்னொரு வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

கதவைச் சாத்தப்போனவளிடம், “நாளைக்கு வரட்டுமா?” என்று கேட்டார்.

“பகல்ல வர முடியுமா?”

“வரேன்” என்றார்.