பதினோராம் ஆண்டின் ஆறாவது புத்தகம்

அன்று ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற நில அளவையாளரான அண்ணன், லிஃப்ட் மெக்கானிக்கான அவர் தம்பி, தம்பி மனைவி, ஆக்சிஜன் அளவைப் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்த நர்ஸ். வேறு யாரும் இல்லை.

படுக்கையில் இருந்த தம்பி மாலையைத் தாண்டுவது கடினம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அது அவனுக்கும் தெரியும்.

"மூஞ்சிய ஏன் எல்லைக்கல் மாதிரி வெச்சிருக்கீங்க அண்ணா?" என்றான் அவன். "பரிசுக்கு வந்த புத்தகமெல்லாம் வரிசையா சொல்லுங்க. பொழுதாவது போகும்."

அறிவியல் புனைகதைகளுக்கான ஒரு பரிசுக்கு அண்ணன் பத்தொன்பது ஆண்டுகள் நடுவராக இருந்தவர். ஆண்டுக்கு ஆறு புத்தகங்கள் இறுதிப் பட்டியலுக்கு வரும். படித்து முடித்ததும் பின்னட்டையின் உள்பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது நடுவர்களின் வழக்கம். கையெழுத்து இருந்தால் படித்தாயிற்று என்று அர்த்தம்.

முதல் ஆண்டிலிருந்து தொடங்கினார். நிலவில் உப்பு வெட்டப் போனவர்களின் கதை. கனவுக்கு வரி போட்ட அரசாங்கம். கடல் வற்றியபின் தரைதட்டிய கப்பலிலேயே மூன்று தலைமுறை குடித்தனம் நடத்திய குடும்பம்.

"அந்தக் கப்பல் கதைதானே! மாமியார் மருமக சண்டைக்கு நடுவுல விண்கல் வந்து விழுமே!" தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா கேளுங்களேன்" என்றாள் மனைவி.

ஏழு, எட்டு, ஒன்பது. அண்ணன் வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னார். பதினோராம் ஆண்டின் ஆறாவது புத்தகம் தம்பி எழுதியது.

உடன்பிறந்தவனுக்கு ஓட்டுப் போட்டால் குடும்பப் பெயர் கெடும் என்று அந்த ஆண்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். அது சரி. ஆனால் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நன்றாயில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே என்ற பயம். தம்பி தன் பிரதியை நீட்டியபோது பின்னட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பரிசு கிடைக்காத அன்று, "போனா போகட்டும், எங்கண்ணன் படிச்சிட்டாரு" என்று சொல்லித் திரிந்தவன் அவன்.

"பத்து முடிஞ்சுது. பதினொண்ணு?"

ஐந்து புத்தகங்களைச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஆறாவது? அந்த முடிவு சரிதானா அண்ணா? அவ கதவைத் திறந்திருக்கணுமா, வேண்டாமா? இத்தனை வருஷமா கேக்கணும்னு நினைச்சு..."

எந்தக் கதவு? யார் அவள்? ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டில் ஏதாவது ஒன்று. ஆனால் இந்தக் குடும்பத்தில் சாகப்போகிறவனிடம் பொய் சொன்னவர் எவரும் இல்லை.

"நான் படிக்கலடா."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ மாமா! இதைச் சொல்ல இப்பத்தானா நேரம் கிடைச்சுது?"

தம்பி தலையைத் தூக்கினான். "அப்ப அந்தக் கையெழுத்து?"

"பொய்."

"அடப்பாவி அண்ணா!" மூச்சு வாங்கியது. மனைவி பக்கம் திரும்பினான். "பையில இருக்குல்ல, எடுத்துக் குடு. மொதல் பக்கத்துலேர்ந்து படிக்கட்டும்."

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். மணி நான்கு. வாய்விட்டுப் படித்த அவசரத்தில் அண்ணனுக்கு வரிகள் தாவின.

"ஓடாதீங்க. எல்லாம் நான் பாத்துப் பாத்து எழுதினது" என்றான் தம்பி, கண்ணை மூடியபடி.

கடைசி நாளில் அண்ணனும் தம்பியும் கத்திச் சண்டை போட்டார்கள் என்று உறவுக்காரர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. சண்டை எதுவும் நடக்கவில்லை. நேரம் ஆக ஆகத் தம்பிக்குக் காது மந்தமானதால் அண்ணன் குரலை உயர்த்திப் படித்தார். அறுபத்துமூன்றாம் பக்கம் வரை.