காசம்மாள் பெயருக்கு எதிரே

காலை ஏழு மணிக்கே உறுவையாற்றிலிருந்து போன் வந்தது. காசம்மாள்.

"பாப்பா, நீ மாட்டின பொட்டி எல்லாருக்கும் தண்ணி வுடுது. என் கொல்லைக்கு மட்டும் வுடல. நெல்லு பால் புடிக்கிற நேரம். ரெண்டு நாளா காயுது."

அந்தப் பெட்டி எங்கள் கம்பெனியுடையது. பல பேர் சேர்ந்து போட்ட பொது போர்வெல்லில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று பட்டியல் கொடுத்தால், அவரவர் வால்வைத் திறந்து மூடி, கடைசியில் மோட்டாரையும் நிறுத்திவிடும். மொத்தம் நாற்பத்துமூன்று போர். எல்லாப் பெட்டிகளுக்கும் இந்த நேரக் கணக்கை எழுதி அனுப்புவது, வில்லியனூர் ஆபீசில் நான் எழுதிய ஒரே கம்ப்யூட்டர் கோடு.

பட்டியலைத் திறந்தேன். காசம்மாள் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம் போட்டுக்கொள் என்று கோடுக்கு டீஃபால்ட் சொல்லிவைத்த புத்திசாலி நான்தான். வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

உறுவையாற்றுப் போருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்த நடேசனைப் போனில் கூப்பிட்டேன்.

"அதுக்கு இன்னாத்த எழுதறது? எல்லாரும் பாய்ச்சின பொறவு மிச்சத் தண்ணி அதுக்கு. பொழுதுக்கும் வரப்புலயே குந்தினு இருக்கும், மிச்சம் வந்தா திருப்பிக்கும். போர் போட்ட நாள்லேர்ந்து அப்படித்தான்."

எங்கள் பெட்டிக்கு மிச்சம் என்றால் என்னவென்று தெரியாது.

முதலாளி அரிகரன் எட்டிப் பார்த்தார். "டீஃபால்ட்ட ஒரு மணி நேரம்னு மாத்திட்டு வேலையப் பாரு, ரோஸ்லின்."

"மாத்தினா சுத்துக்கேணியில அறுப்புக்கு நிக்கிற கொல்லையிலயும் தண்ணி பூந்துடும் சார். அங்கயும் காலியாத்தான் வுட்டிருக்காங்க."

டீஃபால்ட்டையே அழித்தேன். எண் இல்லாத பெயர் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, அந்தப் போரை நிறுத்திவை. நீயாக எதையும் முடிவு பண்ணாதே என்று எழுதினேன். ஓட்டிப் பார்த்ததும் பதினொரு பெயர்கள் வந்தன. பத்துக்கு மதியத்துக்குள் பதில் கிடைத்தது. சுத்துக்கேணிக்காரர் பூஜ்யம் என்றார். அவர் வாயால் சொன்ன பூஜ்யம் என்பதால் தயங்காமல் எழுதினேன்.

பதினொன்றாவது பெயருக்காக ஸ்கூட்டியை எடுத்தேன்.

மோட்டார் கொட்டகை வாசலில் நடேசனும் போரில் பங்குள்ள மற்ற மூன்று பேரும் நின்றிருந்தார்கள். "எங்க நாலு பேருக்கும்தான் எழுதியாச்சே. ஓட்டும்மா," என்றார் நடேசன்.

"ஓடாதுண்ணா. காசம்மாளுக்கு எவ்ளோன்னு சொல்லுங்க. பூஜ்யம்னாலும் சரி. இவங்க முன்னாடி உங்க வாயால சொல்லுங்க, எழுதிடறேன்."

அவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "எழுதிட்டா அது பாத்தியதை ஆயிடும்மா. மிச்சம்னா, அது நாங்களா பாத்து குடுக்கறது."

அந்த இடத்தை யாரும் மறந்துபோய்க் காலியாக விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதாமல் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று லேப்டாப்பைக் கொட்டகைச் சுவரின் மேல் வைத்துக்கொண்டு நின்றேன்.

வரப்பிலிருந்து காசம்மாள் எழுந்து வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"போர் போடச்சொல்ல எங்க வூட்டுக்காரும்தான் கூட நின்னு பைப்பு எறக்கினாரு. முப்பத்தஞ்சு குழி நெலத்துக்கு ஒன்ர மணி நேரம் போதும். எழுது பாப்பா."

நான் எழுதவில்லை. நடேசனைப் பார்த்தேன். அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

"சொல்லிடுண்ணா, எங்களுதும் காயுது," என்றார் அந்த மூவரில் ஒருவரான அன்புராஜ்.

நடேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒன்ர," என்றார்.

எழுதி அனுப்பினேன். மோட்டார் உறுமியது. காசம்மாள் என் பக்கத்தில் வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் முறை எத்தினி மணிக்கு பாப்பா?"

"சாயந்திரம் அஞ்சே காலுக்கு."

"கரெக்டா வந்துடுமா?"

"வந்துடும்."

"அப்ப நான் வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு வரேன்," என்று புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நடந்தாள்.