ஒரு டப்பா பொத்தல்

முதல் உருண்டை எண்ணெயின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாயிரம் ஜல்லிக்கரண்டியால் அதைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"மேல வந்துச்சா?" என்று கூடத்திலிருந்து மலர்க்கொடி கேட்டாள். குரலில் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான்.

"இன்னும் வர்ல."

"எண்ணெ காயல. அத எடுத்துடுங்க. கொஞ்சம் பொறுத்துப் போடுங்க."

அடுப்பு தெரியும்படி கட்டிலைச் சமையலறை வாசலுக்கு நேராக இழுத்துப் போடச் சொல்லியிருந்தாள். தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்தும் தலை நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்படியே சரிந்தபடி அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பாதிரிப்புலியூர்ப் பாத்திரக் கடையில் ஊருக்கெல்லாம் வாணலி எடுத்துக் கொடுத்தவர் கண்ணாயிரம். தன் வீட்டு வாணலியை அடுப்பில் ஏற்றியது இன்றைக்குத்தான்.

மகள் இலக்கியா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டிவியில் யாரோ டோனட் செய்து காட்டினார்கள். மலர்க்கொடி அதைப் பார்த்துவிட்டு மாவைத் தேய்த்து, டம்ளரால் வட்டம் போட்டு, மாத்திரை பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை போட்டாள். வெட்டியெடுத்த நடுத் துண்டுகளையும் வீணாக்காமல் உருட்டிப் பொரித்தாள். பெண் வளையத்தைத் தொடவில்லை. உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, "அம்மா, அந்தப் பொத்தல் மட்டும் செஞ்சு குடும்மா" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் பொத்தல். இலக்கியா இன்ஜினியரிங் சேர்ந்து சிதம்பரத்தில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு டப்பா பொத்தல் பஸ் ஏறிப் போயிற்று.

போன பரீட்சைக்கு மலர்க்கொடி ஸ்டூலில் உட்கார்ந்து பொரித்தாள். அதற்குப் பிறகு உட்காரவும் முடியவில்லை. வயிற்றில் இருந்த கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இலக்கியாவுக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சள் காமாலை, அம்மா பத்தியத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். ஸ்டடி லீவிலும் ஊருக்கு வரவேண்டாம், அங்கேயே உட்கார்ந்து படி என்று மலர்க்கொடி போனில் அதட்டினாள். அப்போது அதட்டக் குரல் இருந்தது.

இரண்டாவது முறை போட்டதெல்லாம் சட்டென்று கறுத்தது. ஒன்றைப் பிட்டு, கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினார். உள்ளே மாவு பிசுபிசுவென்று இருந்தது.

"தீயக் கொறைங்க. அவசரப்பட்டா வேவாது."

"நீ பேசாத மலரு. மூச்சு வாங்குது பாரு."

"மீசைல மாவு" என்றாள் அவள். உதடு கொஞ்சம் இழுபட்டது. சிரிக்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு போட்டவை மெதுவாக மேலே வந்தன. தாமாகவே ஒருதரம் புரண்டு பொன்னிறமாயின. சர்க்கரைத் தூளும் ஏலக்காய்ப் பொடியும் கலந்து வைத்திருந்த தட்டில் அவற்றைப் புரட்டி எடுத்தார். ஒன்றை அவள் மூக்கருகே பிடித்தார். முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர்கூட இறங்காத தொண்டை.

"நான் செஞ்சதுன்னே நம்பிடுவா."

கண்ணாயிரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ராத்திரியெல்லாம் மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னார். "மலரு, பரீட்சை கெடக்கட்டும். நான் போய் இப்பவே கூட்டிட்டு வந்துடறேன். அவ உன்னப் பாக்கட்டும்."

"வேணாம்."

"அடுத்த தடவ எழுதிக்கலாம்டி."

அவள் கண் திறந்தது. மஞ்சள் பாய்ந்த கண். "எங்கப்பா செத்த அன்னிக்கி எனக்குக் கணக்குப் பரீட்சை. பாதியில வந்து கூட்டிட்டுப் போனாங்க. அடுத்த தடவன்னுதான் எல்லாரும் சொன்னாங்க." நிறுத்தி நிறுத்தி மூச்சு எடுத்தாள். "இன்னியோட இவளுக்கு முடியுது. சாயங்காலம் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன். எது ஆனாலும் எழுதி முடிக்காம அவகிட்ட சொல்லக் கூடாது. எது ஆனாலும்."

"ஒண்ணும் ஆவாது."

"சரின்னு சொல்லுங்க."

"சரி."

பக்கத்து வீட்டு ஜெயராணி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். அண்ணாகிராமத்திலிருந்து மலர்க்கொடியின் தம்பி பக்கிரியும் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. கண்ணாயிரம் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். சூடு ஆறாமல் மூடினால் வேர்த்துவிடும் என்று மலர்க்கொடி எப்போதும் சொல்வாள். அதனால் டப்பாவின் மூடியைக் கொஞ்சம் திறந்து பிடித்தபடி, அதையே பார்த்துக்கொண்டு படியிறங்கினார். "வரட்டா" என்று சொன்னார். அவள் பதில் சொன்னாளா என்று கவனிக்கவில்லை.

இலக்கியா ஹாஸ்டல் வாசலுக்கு ஓடி வந்தாள். தலைமுடி காயாமல் முதுகை நனைத்திருந்தது, கையில் நோட்ஸ். டப்பாவை வாங்கிய வேகத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். மெல்வது நின்றது.

"என்னாம்மா?" என்றார் கண்ணாயிரம்.

"ஏலக்கா கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். அடுத்ததை எடுத்தாள். "அப்பா, இப்பதான் எனக்கு நிம்மதி. நீ போன்ல நல்லா இருக்கா நல்லா இருக்கான்னு சொன்னப்பல்லாம் நான் நம்பவே இல்ல. எண்ணெச் சட்டி முன்னாடி நின்னு இவ்ளோ செஞ்சிருக்காங்கன்னா நெஜமாவே தேறிட்டாங்க."

கண்ணாயிரம் தலையாட்டினார்.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. பக்கிரி. காதில் வைத்தார். முதலில் யாரோ பெண்கள் அழும் சத்தம்தான் கேட்டது.

"மாமா, அக்கா போயிட்டாங்க மாமா. நான் வந்து வாசல்ல செருப்பக் கழட்டறேன், ஜெயராணிம்மா கத்தறாங்க..."

எதிரே இலக்கியா விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார் கண்ணாயிரம். "சரி. சரி."

"எங்க இருக்க மாமா? பாப்பாவக் கூட்டிகிட்டு ஒடனே கெளம்பு."

"சரி."

"யாருப்பா?" என்றாள் இலக்கியா.

"கடையிலேருந்து."

"லீவு போட்டாக்கூட விட மாட்டாங்களா? அந்தப் போன இப்படிக் குடு, அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

போனைப் பைக்குள் போட்டார். சட்டைப் பை எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. "தூங்கறா. காலையிலேருந்து அடுப்படியில நின்ன அலுப்பு. நீ எழுதிட்டு வா, நேர்லயே பேசிக்கலாம்."

"ஏன்பா ஒரு மாதிரி இருக்க?"

"வெயிலு" என்றார்.

பரீட்சைக் கட்டடத்துக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் வேரில் அவர் உட்கார்ந்தார். மணி அடித்தது. வாசலில் நின்றிருந்த பிள்ளைகளெல்லாம் உள்ளே போனார்கள். இலக்கியா திரும்பிக் கையசைத்தாள். அவரும் அசைத்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை எடுத்தார்.

"பஸ் ஏறிட்டியா மாமா?"

"இல்ல மச்சான். பரீட்சை எழுதறா."

பக்கிரி வெடித்தான். "நீ மனுசன்தானா? அக்காவப் பொணமா போட்டுட்டு பரீட்சையா? பாப்பா நாளைக்கி உன்னக் காறித் துப்பாதா?"

"உங்கக்கா சொன்னா பக்கிரி."

"செத்தவ சொன்னா நீ கேப்பியா? உயிரோட இருக்கிறவளுக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

"நாங்க வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒருதரம் எழுந்து கட்டட வாசல்வரை போனார். உள்ளே வரிசையாகக் குனிந்த தலைகள் தெரிந்தன. எது தன் பெண் என்று தெரியவில்லை. "யாரு சார் வேணும்?" என்று வாட்ச்மேன் கேட்டார். உள்ளே போய் அவள் தோளைத் தொட்டால் போதும். பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். மலர்க்கொடியையும் அப்படித்தான் யாரோ தொட்டிருப்பார்கள். "யாருமில்லீங்க" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கே திரும்பினார். அழுகை வரும் என்று துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். வரவில்லை. கையில் எண்ணெய் வாடை வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த குழாயில் போய்க் கழுவினார். திரும்பி வந்து முகர்ந்தார். போகவில்லை. மறுபடி போய் மண்ணைத் தேய்த்துக் கழுவினார்.

இலக்கியா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். தோழிகள் இருவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "முடிஞ்சுதுப்பா! எல்லாமே படிச்சதுதான்" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். அதன் பிறகு ஹாஸ்டலுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறும்வரை அவள் பேச்சு ஓயவேயில்லை. அம்மாவை இனி அடுப்படிப் பக்கமே விடமாட்டாளாம். ஒரு மாசம் தானே சமைக்கப் போகிறாளாம். பொத்தல் செய்யவும் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

பஸ் சிதம்பரத்தைத் தாண்டியதும் சொல்லிவிட நினைத்தார். பி.முட்லூரில் வாயைத் திறந்தார். "இலக்கியா" என்றார். "ம்ம்" என்றாள். ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படித்த களைப்பு, தலை அவர் தோளில் விழுந்தது. புதுச்சத்திரம் வந்தது, போனது. ஆலப்பாக்கத்தில் யாரோ கூடையோடு ஏறி அவர் காலை மிதித்தார்கள். இலக்கியா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள். இந்தத் தூக்கம் கலைந்துவிட்டால் அவளுக்கு இனி இப்படி ஒரு தூக்கம் கிடையாது என்று தோன்றியது. தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கியபோதெல்லாம் அவள் தலையைக் கையால் தாங்கிக்கொண்டார்.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது பொழுது சாயவில்லை. "ஆட்டோ வேணாம்பா, நடந்தே போயிடலாம்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள். கடைத்தெருவில் பூக்காரியைக் கண்டதும் நின்று, "அம்மாவுக்கு" என்று மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டாள். கண்ணாயிரம் தடுக்கவில்லை. "இலக்கியா, இங்க பாரு" என்றார். பேருந்தின் ஹார்ன் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. அவர் மறுபடி கூப்பிடவும் இல்லை.

அவர்கள் தெரு முனையில் பந்தல் போட்டிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம தெருவுல யாருக்கோ ஆயிடுச்சுப்பா" என்றாள் இலக்கியா, குரலைத் தாழ்த்தி. "பாவம், யாருன்னு தெரியலியே."

நடையைக் குறைக்காமல் போனாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்து, நாற்காலிகளை நகர்த்தி அவளுக்கு வழி விட்டார்கள்.