பன்னிரண்டு வரிசை நிழல்

சூரிய மின்பலகைகள் வருவதற்கு முன்பே அவற்றின் நிழல்கள் வெங்காய வயலில் வந்து விழுந்தன. திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஒவ்வொரு நிழலும் கதவளவு, மொத்தம் ஒரு வரிசை. மேலே வானம் கழுவிவிட்டது போல் வெறுமையாக இருந்தது.

வயல் அக்காளுக்கும் தம்பிக்கும் பாகம் பிரிக்காத பொதுச் சொத்து. அக்காள் பயிர் வைத்தாள். தம்பி டவுனில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மின்சாரக் கம்பெனி இருபத்தைந்து வருடக் குத்தகைக்குக் கேட்டது. தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். அக்காள் போடவில்லை. எப்படியும் போட்டுவிடுவாள் என்று நம்பி, தூண் நிறுத்தும் இடங்களில் கம்பெனி ஆட்கள் முளைக்குச்சி அடிக்க அவன் தலையாட்டியிருந்தான். வெங்காயத்துக்கு நடுவே பன்னிரண்டு வரிசை. ஞாயிறு மாலை அக்காள் முதல் வரிசைக் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தாள். மறுநாள் நிழல் அந்தக் குழிகளின் மேல்தான் விழுந்தது.

தினம் ஒரு வரிசையாகப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க நிழல் வருகிறது என்பது நாலாம் நாள்தான் உறைத்தது. நிறுத்தினாள். நிழல் நிற்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டா சரியாயிடும்க்கா. உன் முழங்காலும் பிழைச்சுக்கும்."

"எனக்கு அம்பத்தெட்டு. எம்பத்து மூணுல நிலத்தைத் திருப்பித் தருவாங்களாம். வாங்கி என்ன, தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"இப்ப மட்டும் வெங்காயம் உன்னைத் தாங்குதாக்கும். போன வருஷம் விலையில்லாம ரோட்டுல கொட்டினது யாராம்?"

கொட்டியது உண்மை.

நிழல் ஒன்பதாம் வரிசையை எட்டியபோது வெங்காயத் தாள்கள் மஞ்சளாயின. அக்காள் கையால் நிழலை நகர்த்திப் பார்த்தாள், சாக்கு விரித்து மூடிப் பார்த்தாள். சாக்கின் மேலும் விழுந்தது. பன்னிரண்டாம் நாள் வயல் முழுக்க மூடியதும், பயிரும் இல்லை குத்தகையும் இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில், கையெழுத்துப் போட வீட்டிலிருந்த ஒரே பேனாவை எடுத்துக்கொண்டு வரப்பில் போய் நின்றாள்.

குத்தகைக் காகிதத்தோடு வந்த கம்பெனி இன்ஜினியர் வெயில் அளக்கும் கருவியைத் தரையில் வைத்தார். முள் அசையவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். அண்ணாந்து பார்த்தார்.

"இங்க வெயில் இல்லீங்களே."

"வெயில் இருக்கு சார். நிழல் முந்திக்கிச்சு," என்றான் தம்பி.

வெயில் இல்லாத நிலம் கம்பெனிக்கு எதற்கு? காகிதத்தை மடித்து எடுத்துப் போய்விட்டார்கள். அக்காள் திறந்த பேனாவை மூடி இடுப்பில் செருகினாள். அழவேண்டுமா சிரிக்கவேண்டுமா என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த நடவுப் பட்டத்தில் வெங்காயம் தேறவில்லை. நிழல் தாங்கும் இஞ்சி வந்தது, சுமாராக. தம்பி வாரம் இருமுறை வந்து மண் அணைத்தான். முதல் வருடம் பேசாமலும், அப்புறம் பேசியும். நாலாவது கோடையில் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வரத் தொடங்கினார்கள், ஒரு கதவு நிழலுக்கு நாலு பேர். மேலே யாரும் பார்ப்பதில்லை.

"அந்தக் கதவுல போய் உக்காருங்கப்பா," என்றாள் அக்காள். "இங்க இஞ்சி மிதிபடுது."