சாரி சார்

துணி துவைக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் மேசை அவனுடையது. 'சாரி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ளினான். கத்திக்கொண்டு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைக்க ஒரு சாரி, குரலை இறக்கி இழுத்துச் சொல்வது. ஸ்பேர் பார்ட் வரவில்லை என்பதற்கு வேறொன்று. அப்போது கூரையைப் பார்ப்பான், ஏதோ அங்கிருந்துதான் அது விழவேண்டும் என்பதுபோல. தப்பு உங்கள் மேல்தான் என்பதையும் சாரியில்தான் தொடங்குவான். சாயங்காலம் எழுந்து நின்றுகொண்டு சொன்னால், கடையைக் கட்டியாயிற்று, கிளம்புங்கள் என்று அர்த்தம். கூட வேலை பார்ப்பவர்கள் 'சாரி சார்' என்றே கூப்பிட்டார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அந்தப் பருப்பு வீட்டில் வேகவில்லை. ஒருநாள் அவன் மனைவி டிரைவர் வேலையில் சேர்ந்து முதன்முதலாக பஸ் ஓட்டப் போனாள். முதல் ஆளாக நான்தான் ஏறுவேன் என்று வாய்கிழியச் சொன்ன மகராசன், வழக்கம்போலக் குளித்து, வழக்கம்போல ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஐயாவுக்கு ஞாபகமே வந்தது.

"சாரிம்மா."

"இது கத்துறவங்களுக்குச் சொல்றது."

"இல்லம்மா, நெஜமாவே சாரி."

"மேல பாக்காத. ஸ்பேர் பார்ட்டுக்கு இப்படித்தான் பாப்பேன்னு நீதானே எனக்கு நடிச்சுக் காட்டின!"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் திட்டினால் அவன் பிழைத்துக்கொள்வான். வாயை மூடிக்கொண்டால்தான் தொலைந்தான். அவளிடம் சொல்ல அவன் கையில் இனி ஒரு சாரியும் மிச்சமில்லை.

மறுநாள் ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு அவள் ஓட்டும் பஸ்ஸில் ஏறினான். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் முன்சீட்டிலிருந்த ஒரு அம்மாள் பார்த்துவிட்டார்.

"நீதானே அந்த சாரி? ஒரு மாசமா கையால துவைச்சு இடுப்பு ஒடியுது. மெஷினுக்கு பெல்ட்டு வந்துச்சா இல்லையா?"

"சா..." என்று வாய் தானாகத் திறந்துகொண்டது. டிரைவர் கண்ணாடியில் இரண்டு கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. வாயை மூடினான்.

"வந்து ரொம்ப நாளாச்சும்மா. உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

பஸ் முழுக்கக் கேட்டது. கண்டிப்பாக அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான். அம்மாளோ சண்டையை எங்கே தொடருவது என்று தெரியாமல் திகைத்துப்போனார்.

"அடப்பாவி, இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது?"

"இன்னைக்கே ஆள் அனுப்புறேம்மா."

அவர் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம்கூடக் கொடுத்தார். அவன் உட்காரவில்லை. சிக்னலில் பஸ் நின்றதும் மனைவியின் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றான்.

"நேத்தும் மறந்துதான் போனேன். வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுத்தமா மறந்துட்டேன்."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டக்டர் விசில் அடிச்சும் வண்டிய எடுக்காம நின்னேன். நீ ஓடி வருவேன்னு."

பச்சை விழுந்தது. அவள் கியரைப் போட்டாள்.

"கம்பியப் பிடிச்சுக்க. திருப்பத்துல விழுந்து தொலைக்காத."

ராத்திரி முழுக்க அவன் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு திட்டுக்குத்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.